டர்போ பெட்ரோல் காரில் இன்டேக் வால்வ் கரி: சேலத்துப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் மெக்கானிக் வேலை பழகுகிறவர்களில் பெரும்பாலோர் டீசலில்தான் கை பழகுகிறார்கள். லாரிகள் ஓடும் ஊர், அதனால் அப்படித்தான் இருக்கும். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தபோது ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, மாருதி போன்ற நிறுவனங்கள் இங்கே டீசல் கார்களை நிறுத்திவிட்டன. அந்த இடத்தைச் சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பிடித்துக்கொண்டன. அந்த வண்டிகளுக்கு இப்போது வயதாகிறது. கம்பெனி வாரண்டி முடிந்து, அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் இருக்கும் வெளிப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன.

வரும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "காலையில ஸ்டார்ட் பண்ணா உதறுதுங்க, கொஞ்ச தூரம் ஓடினா சரியாயிடுது." "மலை ஏறும்போது முன்ன மாதிரி இழுவை இல்லீங்கண்ணா." கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "டேங்க்ல கிளீனர் ஊத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகலை."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. இந்தச் சின்ன டர்போக்களில் பலவற்றில் பெட்ரோல் நேராக எரியறைக்குள் பீய்ச்சப்படுகிறது. அவற்றில் டேங்கில் ஊற்றுவது எதுவும் இன்டேக் வால்வின் முதுகை, அதாவது காற்று வந்து படும் பக்கத்தை, தொடாது. பெட்ரோல் போகும் வழியில் அந்த வால்வே இல்லை.

நான் வலியுறுத்திச் சொல்வது இரண்டுதான். கிலோமீட்டரைப் பார்த்து மேனிஃபோல்டை (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) கழற்றாதீர்கள், புகாரைக் கேட்டும் கழற்றாதீர்கள். கேமராவில் கரியைக் கண்ணால் பார்த்த பிறகு கழற்றுங்கள். கழற்றிவிட்டால் அரைகுறையாக விடாதீர்கள். கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதற்குத்தான்.

படி 1: அது எந்த இன்ஜின் என்று உறுதி செய்யுங்கள்

டர்போ என்றாலே டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்று நினைத்துக்கொள்வது பழகுநர்களிடம் அதிகம் பார்க்கும் குழப்பம். இரண்டும் வேறு வேறு. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பது பெட்ரோலை எங்கே பீய்ச்சுகிறோம் என்ற விஷயம்.

டாடா நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோலில் இன்ஜெக்டர் இன்டேக் போர்ட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும், அதனால் வால்வ் தானாகவே கழுவப்படுகிறது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியாவின் டி-ஜிடிஐ, மஹிந்திராவின் டிஜிடிஐ இவற்றில் இன்ஜெக்டர் நேராக எரியறைக்குள் பீய்ச்சுகிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ-வில் இரண்டு வகையும் உண்டு: ஒரு 1.2 டர்போ போர்ட் இன்ஜெக்‌ஷன், மற்றொரு 1.2 டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன். வண்டியின் பெயரை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பானெட்டைத் திறந்து பார்த்தாலே தெரியும். கேம் ஷாஃப்ட் பக்கத்தில் இரும்புக் குழாய் பொருத்திய ஒரு பம்ப் இருந்தால் அது ஹை பிரஷர் பம்ப். ஐடிலில் "டிக் டிக்" என்று சத்தம் வரும். அது இருந்தால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் அழுத்தம் மூன்று, நான்கு பார் அளவில் இருக்கும். இதிலோ லோடில் 200 பாரைத் தாண்டும், புதிய இன்ஜின்களில் 350 பார் வரை போகும். இந்த எண்ணை மனதில் வையுங்கள், பின்னால் உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றும்.

டீசல் காரின் மேனிஃபோல்டு அடைப்பு இதோடு சேராத கதை. அங்கே இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்டேக்குக்கு விடும் அமைப்பு) வழியாக வரும் புகைக்கரிதான் பெரும் பங்கு. அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

படி 2: கரி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் வாயு எப்போதும் கீழே கிராங்க்கேஸுக்குள் கசியும். அதைத்தான் புளோ-பை என்கிறோம். அந்த வாயுவை வெளியே விடச் சட்டம் அனுமதிக்காது, அதனால் பிசிவி என்ற அமைப்பின் வழியாக அது திரும்ப இன்டேக்குக்கே போகிறது. போகும்போது ஆயில் ஆவியையும் பொடித் துளிகளையும் கூட்டிக்கொண்டு போகும். பிரிப்பான் ஒன்று இருக்கும், ஆனால் அது எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வ் கைடு வழியாகவும் துளி ஆயில் இறங்கும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் எரிந்த வாயுவும் கொஞ்சம் பின்னால் வரும்.

இத்தனையும் சூடான வால்வின் முதுகில் படிகிறது. கழுவ பெட்ரோல் இல்லை. வடைச் சட்டியின் வெளிப்பக்கத்தில் எண்ணெய் வழிந்து வழிந்து கருகி ஒட்டிக்கொள்ளுமே, அதேபோல ஒரு மெல்லிய படலத்தின் மேல் இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகும். எக்ஸாஸ்ட் வால்வில் இந்தத் தொல்லை இல்லை, அதன் சூட்டில் ஆயில் எரிந்தே போய்விடும். இன்டேக் வால்வ் ஆயிலைக் கருக்கும் அளவுக்குச் சூடாகிறது, எரித்துத் தீர்க்கும் அளவுக்குச் சூடாவதில்லை. "பைபாஸ்ல நல்லா விரட்டினா கரி எரிஞ்சுடும்" என்று சொல்வது இந்த இடத்தில்தான் பொய்க்கிறது.

நம் ஊர்ச் சாலை இதில் எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு, அந்தக் குறையை டர்போ கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறது. ஏறும்போது பூஸ்ட் அதிகம், சிலிண்டர் அழுத்தம் அதிகம், எனவே புளோ-பையும் அதிகம். இறங்கும்போது இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு வருகிறோம், த்ராட்டில் மூடியிருக்கும், மேனிஃபோல்டில் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். அந்த வெற்றிடம் பிசிவி வழியாகவும் வால்வ் சீல் வழியாகவும் ஆயிலை இழுக்கும்.

இதைவிட மோசமான வாழ்க்கை எஸ்டேட்டில் இருந்துகொண்டு தினமும் ஏரி வரைக்கும் கடைவீதி வரைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு. குளிர், குறுந்தூரம். ஆயில் சூடேறுவதற்குள் இன்ஜின் நிற்கிறது. பெட்ரோலும் தண்ணீரும் ஆயிலில் கலந்து அப்படியே தங்குகின்றன.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. டொயோட்டா 2005-லேயே லெக்ஸஸ் காருக்கான வி6 இன்ஜின் ஒன்றில் போர்ட் இன்ஜெக்டர், டைரக்ட் இன்ஜெக்டர் இரண்டையும் சேர்த்துப் போட்டது. போர்ட் இன்ஜெக்டர் வேலை செய்யும் நேரத்தில் வால்வும் கழுவப்படுகிறது. நம் ஊரில் அதிகம் ஓடும் சின்ன டர்போக்களில் அந்த இரட்டை ஏற்பாடு இல்லை.

படி 3: வண்டிக்காரரிடம் கேளுங்கள், காலைக் குளிரில் பாருங்கள்

ஏற்காட்டு வண்டி ஒன்று காலையில் மேலே உதறியிருக்கும். 20 வளைவுகள் இறங்கி கோரிமேடு தாண்டி உங்கள் பட்டறைக்கு வந்து சேரும்போது இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும். நீங்கள் ஸ்டார்ட் செய்தால் அழகாக ஓடும். "ஒண்ணும் இல்லையே" என்று திருப்பி அனுப்புவீர்கள், மறுநாள் காலை மறுபடியும் போன் வரும். சேலத்தில் மே மாத மதியம் குளிர் ஸ்டார்ட் என்ற ஒன்றே கிடையாது.

எனவே வண்டியை ராத்திரி உங்களிடமே நிறுத்தச் சொல்லுங்கள். விடிகாலையில் ஸ்கேனரை மாட்டிவிட்டு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் லைவ் டேட்டாவில் கவனியுங்கள். ராத்திரி நிறுத்த முடியாது என்றால் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பாருங்கள். கோடு (ஈசியூ பதியும் கோளாறு எண்) பதிவான அந்த நொடியில் கூலன்ட் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். கூலன்ட் 20 டிகிரிக்கு அருகில் இருந்தபோது விழுந்த மிஸ்ஃபயர் கோடு ஒரு திசையைக் காட்டும், 90 டிகிரியில் முழு லோடில் விழுந்தது வேறு திசையைக் காட்டும்.

எது கோளாறு இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் கொஞ்சம் அதிரும், அது அதன் இயல்பு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் குளிரில் ஸ்டார்ட் ஆனதும் முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடில் உயர்ந்து கரடுமுரடான சத்தத்துடன் ஓடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைச் சூடேற்ற, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ வேண்டுமென்றே அப்படி ஓட்டுகிறது. இதைக் கரி என்று சொல்லி ஒருவரிடம் காசு வாங்கினால் அது அநியாயம்.

கேட்க வேண்டிய கேள்விகள்: தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறது? ஆயில் எப்போது மாற்றியது, என்ன கிரேடு? நடுவில் ஆயில் குறைந்து ஊற்ற வேண்டி வந்ததா? பிளக் எப்போது மாற்றியது? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 4: மலிவான காரணங்களை முதலில் கழித்துவிடுங்கள்

பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பி0301, பி0302, பி0303 என்றால் முறையே 1, 2, 3-ஆம் சிலிண்டர். எதுவுமே கரி என்று சொல்லவில்லை, தீ சரியாகப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

ஒரே சிலிண்டரில் வந்தால் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில்தான், வேலை முடிந்தது. மாறவில்லை என்றால் பிளக்கையும் அதேபோல மாற்றிப் பாருங்கள். டர்போ இன்ஜினில் பிளக் இடைவெளி கொஞ்சம் தேய்ந்தாலும் லோடில் தீப்பொறி அணைந்துபோகும், "மலையில் இழுவை இல்லை" என்ற புகாரில் கணிசமானது இங்கேயே தீர்ந்துவிடும். இன்ஜெக்டர் அடைப்பும் இதே அறிகுறியைத் தரும். அதற்கு மட்டும் டேங்கில் ஊற்றும் கிளீனர் உதவலாம், பெட்ரோல் இன்ஜெக்டர் வழியாகத்தானே போகிறது. வால்வுக்கு அது உதவாது. 95 ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான், நாக்கிங்குக்கு நல்லது, இந்தக் கரிக்குச் சம்பந்தமில்லை.

அடுத்து வேக்குவம் லீக். ஃபியூயல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் பிளஸ் பக்கம் ஏறி, ஆர்பிஎம் கூட்டியதும் இறங்கினால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஸ்மோக் மெஷின் இருந்தால் புகை விட்டுப் பாருங்கள்.

பிறகு பிசிவி. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை. மூடியைப் பிடுங்கவே முடியாத அளவுக்கு இழுத்தாலோ விசில் சத்தம் வந்தாலோ உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மாறாகப் பலமாக வெளியே ஊதினால் ரிங்கைச் சந்தேகப்படுங்கள், கம்ப்ரெஷன் எடுத்துப் பாருங்கள். பிசிவியோ ரிங்கோ கெட்டிருக்கும்போது வால்வை மட்டும் சுத்தம் செய்து அனுப்பினால் கரி சீக்கிரமே திரும்ப வரும்.

படி 5: கேமராவை உள்ளே விடுங்கள்

போனில் மாட்டும் போரோஸ்கோப் விலை பெரிதில்லை. 5.5 மில்லிமீட்டர் தலை உள்ளது போதும். பழகுநர் ஒருவர் சொந்தக் காசில் வாங்கும் முதல் கருவி இதுவாக இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

பிளக் துளை வழியாக விட்டால் பிஸ்டன் தலையும் வால்வின் முகமும் தெரியும், நமக்கு வேண்டிய முதுகு தெரியாது. பார்க்க வேண்டிய வழி மேலே இருந்து: மேனிஃபோல்டில் இருக்கும் மேப் சென்சரை (காற்றழுத்தத்தை அளப்பது) கழற்றி அந்தத் துளை வழியாகவோ, த்ராட்டில் பாடியைக் கழற்றியோ ரன்னருக்குள், அதாவது சிலிண்டருக்குப் போகும் தனிக் குழாய்க்குள், விட வேண்டும். ஒன்று எச்சரிக்கை. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.0 டிஎஸ்ஐ இன்ஜினில் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. த்ராட்டில் பக்கத்திலிருந்து விட்டால் அதன் தகடுகளில் முட்டி நிற்கும். அழுத்தித் தள்ளாதீர்கள், சென்சர் துளையைத் தேடுங்கள்.

கேமராவில் என்ன தெரிந்தால் என்ன அர்த்தம்? தண்டு பழுப்பேறி, முதுகில் மெல்லிய கறுப்புப் படலம் மட்டும் என்றால் அது இந்த வகை இன்ஜினின் இயல்பான நிலை. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள். முதுகின் வளைவே தெரியாமல், தண்டைச் சுற்றி மேடு மேடாகக் கரி ஏறி, காற்று போகும் இடைவெளி குறுகியிருந்தால் அது வேலை. ஒரு சிலிண்டரில் மட்டும் ஈரமான பளபளப்போடு இருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வ் சீலைக் கவனியுங்கள்.

கரி ஒரே சீராக எல்லா வால்விலும் ஏறுவதில்லை. ஒரு சிலிண்டருக்குக் காற்று குறைவாகவும் சுழற்சி கெட்டும் போகிறது, பக்கத்துச் சிலிண்டருக்கு ஓரளவு சரியாகப் போகிறது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாத நேரத்தில் இந்த வேறுபாடுதான் உதறலாக வெளிப்படுகிறது. வால்வ் உட்காரும் இருக்கை வரை கரி இறங்கிவிட்டால் கம்ப்ரெஷனும் கசியும்.

சில இன்ஜின்களில் 50, 60 ஆயிரம் கிலோமீட்டரிலேயே கனமாக ஏறியிருக்கும், சிலதில் ஒரு லட்சம் தாண்டியும் தாங்கும். அதனால்தான் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறேன்.

படி 6: எந்த வைத்தியம் என்று முடிவு செய்யுங்கள்

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் போட்டோவைக் கையில் கொடுத்து கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புங்கள். நீங்கள் கழற்றினால் பிறகு அவருக்கு அங்கே வழக்கு.

படலம் லேசாக இருந்து, அறிகுறியும் லேசாக இருந்தால் இன்ஜின் ஓடும்போது இன்டேக்கில் அடிக்கும் வால்வ் கிளீனர் ஸ்பிரே ஒரு தடவை அடிக்கலாம். டேங்கில் ஊற்றுவது போல அல்லாமல் இது உண்மையாகவே வால்வைத் தொடும். ஆனால் இறுகிப்போன பழைய கரியை அது கரைக்காது. இன்டர்கூலருக்கு முன்னால் அடித்தால் திரவம் அதற்குள் தேங்கும், அதனால் மேனிஃபோல்டுக்குள் இன்டர்கூலர் இருக்கும் இன்ஜினில் இது வேண்டாம். மற்றவற்றில் த்ராட்டிலுக்கு அருகில், டப்பாவில் சொன்ன ஆர்பிஎம்மில், கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். கனமான கரி இருக்கும் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. பாதி இளகிய கட்டி பெயர்ந்து வால்வ் இருக்கையில் சிக்கலாம், எக்ஸாஸ்ட் வழியாக வேகமாகப் போய் டர்போவின் இறக்கையில் அடிக்கலாம்.

கனமாக இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி, கெமிக்கலில் ஊறவைத்துத் தேய்ப்பது அல்லது வால்நட் ஓட்டுப் பொடியை அடிப்பது. என் ஓட்டு வால்நட்டுக்குத்தான். அந்தப் பொடி கரியைவிடக் கடினம், வால்வின் உலோகத்தையும் ஹெட்டின் அலுமினியத்தையும்விட மென்மை. உள்ளே ஓரிரு துகள் தங்கிவிட்டாலும் எரிந்துபோகும்.

இங்கே ஓர் உறுதியான எச்சரிக்கை. லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மணல் பிளாஸ்டிங் வசதி நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். "அதையே அடிச்சா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். மணலோ கண்ணாடி மணியோ ஒரு சிட்டிகை உள்ளே தங்கினால் சிலிண்டர் சுவர் போச்சு, ரிங் போச்சு, டர்போ போச்சு.

படி 7: வேலை

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மலை ஏறி இறங்கி வந்த வண்டியில் அன்றே கை வைக்காதீர்கள். பேட்டரி நெகடிவ் கழற்றுங்கள். மேனிஃபோல்டைச் சுற்றியுள்ள தூசியைக் கழற்றுவதற்கு முன்பே ஊதிச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் அதெல்லாம் போர்ட்டுக்குள்தான் விழும். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், போல்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

மேனிஃபோல்டுக்குள் இன்டர்கூலர் இருக்கும் இன்ஜினில் கூலன்ட் ஓடும் ஹோஸ்களும் அதோடு வரும். கூலன்ட்டை இறக்கிவிட்டு அல்லது ஹோஸைக் கிளாம்ப் போட்டுத்தான் கழற்ற வேண்டும். சில இன்ஜின்களில் மேனிஃபோல்டை இழுத்தால் இன்ஜெக்டரும் கூடவே வெளியே வரும். அப்படி வந்தால் அதன் டெஃப்லான் சீலைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும், அதற்குத் தனி டூலும் வேண்டும். ஹை பிரஷர் குழாயை அவிழ்க்க வேண்டி வந்தால் முதலில் அந்த இன்ஜினின் மேனுவலில் சொன்னபடி அழுத்தத்தை இறக்குங்கள். 200 பாரில் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கண்ணாடி போடாமல் அந்த நட்டைத் தொடாதீர்கள்.

மேனிஃபோல்டு வந்ததும் எல்லா போர்ட்டையும் நூல் பிரியாத துணியால் அடைத்துவிடுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று ஜாப் கார்டில் எழுதுங்கள். கடைசியில் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும்.

இனி மிக முக்கியமான கட்டம். நீங்கள் அடிக்கப்போகும் சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வுகளும் முழுதாக மூடியிருக்க வேண்டும். கிராங்க் போல்டில் சாக்கெட் போட்டுக் கையால், இன்ஜின் சுற்றும் திசையிலேயே திருப்புங்கள். பின்னோக்கித் திருப்பினால் செயினோ பெல்ட்டோ தளர்ந்து டைமிங் நழுவலாம். அந்தச் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சிக்கு வரும்போது எல்லா வால்வும் மூடியிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் போர்ட்டில் கொஞ்சம் கிளீனர் ஊற்றிச் சில நிமிடம் மட்டத்தைக் கவனியுங்கள். இறங்கவில்லை என்றால் மூடியிருக்கிறது. இறங்கினால் இன்னும் திருப்ப வேண்டும், அல்லது இருக்கையிலேயே கரி இருக்கிறது. பார்த்து முடித்ததும் அந்தத் திரவத்தை ஊசிக்குழாயால் உறிஞ்சித் துணியால் ஒற்றி எடுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனரால் கிளீனரையோ பெட்ரோலையோ உறிஞ்சவே கூடாது, அதன் மோட்டார்ப் பொறியில் தீப்பிடிக்கும். போர்ட் நன்றாகக் காய்ந்த பிறகே பொடி அடிக்கத் தொடங்குங்கள். ஈரத்தில் பொடி களிம்பாகி ஒட்டும்.

அடாப்டரைப் போர்ட்டில் பொருத்தி, வேக்குவத்தை அதில் மாட்டி, நாசிலை நுழைத்து விட்டு விட்டு அடியுங்கள். 80 முதல் 100 பிஎஸ்ஐ போதும். ஒரே இடத்தில் பிடிக்காமல் தண்டைச் சுற்றி நாசிலைத் திருப்பிக்கொண்டே போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரெஸர் டேங்கில் தண்ணீர் சேரும், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். வேலைக்கு முன் டேங்கை வடித்துவிடுங்கள், வாட்டர் டிராப் போடுங்கள். முகக்கவசம் கட்டாயம். வால்நட் தூள் பலருக்கு அலர்ஜி, கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருக்கும் பையனை இந்த வேலையில் நிறுத்தாதீர்கள்.

கொஞ்சம் அடித்து, உறிஞ்சி, கேமராவில் பார்த்து, மறுபடி அடிக்க வேண்டும். வால்வின் முதுகு உலோக நிறத்தில் தெரிந்ததும் நிறுத்துங்கள். பொடி துளியும் இல்லாமல் ஊதி, உறிஞ்சி, மறுபடி கேமராவில் பார்த்த பிறகுதான் அடுத்த சிலிண்டருக்குக் கிராங்கைத் திருப்ப வேண்டும். திருப்பினால் வால்வ் திறக்கும், மிச்சம் இருப்பதெல்லாம் சிலிண்டருக்குள் போகும். மூன்று சிலிண்டரில் ஆறு வால்வ், நான்கில் எட்டு. அவசரப்படுகிற நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

மூடும்போது மேனிஃபோல்டு கேஸ்கெட் புதிதுதான், பழையதைத் திருப்பிப் போடுவது கிடையாது. பிசிவி சந்தேகமாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. போல்டுகளை நடுவிலிருந்து வெளியே வரும் வரிசையில், டார்க் ரென்ச்சில், மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் "கை அளவு" இறுக்கம் விரிசலில் முடியும். கெமிக்கலில் ஊறவைத்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கியிருக்கும்.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

கோடுகளை அழித்து, ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் (த்ராட்டிலின் நிலையை ஈசியூவுக்குப் புதிதாகப் பழக்குவது) செய்யுங்கள். கூலன்ட் இறக்கியிருந்தால் ஏர் எடுங்கள். பிறகு அடிவாரம் தாண்டி முதல் சில வளைவுகள் வரை ஒரு சுற்று போதும். குறைந்த ஆர்பிஎம்மில் இருந்து ஏற்றத்தில் முழு லோடு கொடுத்து மிஸ்ஃபயர் எண்ணிக்கையை இன்னொருவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் ஸ்கேனரைப் பார்க்கக் கூடாது. மறுநாள் காலைக் குளிர் ஸ்டார்ட்டையும் பார்த்த பிறகே வண்டியை ஒப்படையுங்கள்.

உதறல் போகும், பிக்கப் திரும்பும். மைலேஜ் பெரிதாக ஏறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 9: வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை

ஆயில்தான் முதல் விஷயம். மேனுவலில் இருக்கும் ஸ்பெசிஃபிகேஷன் உள்ள சிந்தெடிக் ஆயில், அதில் சமரசம் வேண்டாம். எளிதில் ஆவியாகிற மட்டமான ஆயில் நேராக வால்வில்தான் போய் உட்காரும். கம்பெனி 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும், மலைமேல் குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு 7,500-இல் மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. "இருக்கட்டும், கொஞ்சம் தாராளமா ஊத்து" என்கிற பழக்கம் இந்த இன்ஜின்களுக்கு ஆகாது. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அடித்து நுரைக்கும், பிசிவி வழியாகப் போகும் ஆயில் கூடும்.

வாரத்தில் ஒரு நாளாவது முழுச் சூட்டில் ஓமலூர் வரையோ சங்ககிரி வரையோ ஓட்டச் சொல்லுங்கள். ஏறிய கரியை அது எரிக்காது, ஆனால் ஆயிலில் கலந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகும்.

இறக்கத்தில் எழும் வெற்றிடம்தான் ஆயிலை இழுக்கிறது என்று கேட்டுவிட்டு யாராவது "அப்போ நியூட்ரல்ல இறங்கலாமா?" என்பார்கள். கூடவே கூடாது. ஏற்காடு இறக்கமானாலும் தொப்பூர் கணவாயானாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். வால்வை எப்போது வேண்டுமானாலும் சுத்தம் செய்துகொள்ளலாம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் திருத்த நேரம் இருக்காது. இதை மட்டும் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பிசிவி ஆவியில் வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பாவான ஆயில் கேட்ச் கேன் போடலாமா என்று கேட்பார்கள். நல்லதாகப் போட்டால் ஆவியில் ஒரு பகுதியைப் பிடிக்கும். ஆனால் அதைத் தவறாமல் காலி செய்ய வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் தண்ணீரும் ஆயிலும் கலந்து பால்காபி நிறத்தில் சீக்கிரமே நிறையும். காலி செய்யும் பழக்கம் இல்லாதவருக்கு வேண்டாம், வாரண்டி உள்ள வண்டிக்கும் வேண்டாம்.

சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம், அன்றைய கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் நான்கையும் வண்டி எண்ணோடு சேமித்து வையுங்கள், வண்டிக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடுத்து 20,000 கிலோமீட்டர் ஓடி வரும்போது அதே துளை வழியாகக் கேமராவை விட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த வண்டியில் கரி எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.